வைரம் பாயும் மண்

எங்காவது ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால், தஞ்சை மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்கிறவர்களுக்கு அது முக்கியமான சேதி. இறக்கிப் போட்ட உத்தரத்திலும் தூணிலும் ஆச்சா மரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் விலை பேசி எடுத்து வருவார்கள். புதிதாக வெட்டிய மரம் அவர்களுக்கு உதவாது. நீளமான கட்டையை நடுவில் துளைத்துக் குழலாக்க வேண்டும். வாசிக்கிறவரின் மூச்சும் எச்சிலும் நாள்தோறும் அதில் படும். ஈரம் முழுக்க வற்றாத கட்டை வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும், சுருதி கெடும். பல தலைமுறை ஒரு கூரைக்குக் கீழே உலர்ந்து நின்ற ஆச்சாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

காவிரிப் படுகையின் அடையாளமாகிவிட்ட இந்த வாத்தியத்தின் மரத்துக்கு அந்தப் படுகை சொந்த ஊர் கிடையாது. ஆச்சா சேலம், தருமபுரி, கோவைப் பக்கத்து வறண்ட குன்றுகளிலும், கடப்பை, தும்கூர் வட்டாரத்திலும், அதற்கு வடக்கே தக்காணத்துப் பாறை நிலங்களிலும் வளர்வது. வேறு மரங்கள் நிற்கத் தயங்கும் இடத்தில் பாறை இடுக்கு வழியாக ஆணிவேரை ஆழத்துக்கு இறக்கி, நிதானமாக உயரும். அப்படி வளர்ந்த கட்டை கன மீட்டருக்கு 1000 கிலோவையும் தாண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்.

கதவுக்கும் கட்டிலுக்கும் மரம் வாங்கும்போது நாம் பெயரைக் கேட்கிறோம், கன அடி விலையைக் கேட்கிறோம். அது எந்த மண்ணில், எவ்வளவு மழையில், எத்தனை வருடம் நின்றது என்று கேட்பதில்லை. கட்டையின் குணத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் தீர்மானமாகிறது.

மரங்களை வன்மரம், மென்மரம் என்று தாவரவியலார் பிரிப்பது தச்சுப் பட்டறையில் இருந்து வந்த கணக்கு இல்லை. பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரங்களின் கட்டையெல்லாம் வன்மரம். பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களின் கட்டை மென்மரம். இந்தக் கணக்குப்படி தீக்குச்சிக்குச் சீவும் இலவ மரமும் வன்மரம்தான், நகத்தால் கீறினால் பள்ளம் விழும் என்றாலும். சவுக்கின் தழை ஊசிபோல் இருப்பதால் அதைப் பைன் சாதி என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் பூக்கும் மரம், கடினமான கட்டை கொண்ட அசல் வன்மரம். தமிழ்நாட்டில் இயற்கையாக வளரும் ஊசியிலை இனம் என்று தேடினால், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மழைக்காட்டில் ஒரே ஓர் இனம்தான் அகப்படும். கொடைக்கானலில் நாம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பைன் தோப்பெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை.

ஆசாரிகளின் கணக்கு வேறு. அவர்கள் பார்ப்பது வைரம். அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் வெளிவட்டம் வெளுப்பாகவும் உள்வட்டம் நிறம் ஏறியும் இருக்கும். வெளியே உள்ள வெள்ளைக்கட்டை வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றும் உயிருள்ள பகுதி. அதில் மாவுச்சத்து இருப்பதால் பூச்சிக்கும் செல்லுக்கும் அதுதான் முதல் இரை. மரம் பருக்கப் பருக்க உட்பகுதியின் உயிரணுக்கள் சாகின்றன. சாகும் முன் அவற்றுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் எண்ணெய், பிசின், துவர்ப்புப் பொருள்கள் சேர்கின்றன. அதுதான் வைரம். சேகு என்று சொல்கிறவர்களும் உண்டு. பூச்சியைத் தடுப்பதும், நிறத்தைத் தருவதும், மணத்தைத் தருவதும் இந்த மருந்துச் சரக்குகளே. தொல்காப்பியத்தின் மரபியல் இதைக் கவனித்திருக்கிறது: வைரம் வெளியே இருக்கும் பனை, தென்னை, மூங்கில் வகையைப் புல் என்றும், உள்ளே இருப்பதை மரம் என்றும் அது பிரிக்கிறது. இன்றைய தாவரவியலும் பனையையும் மூங்கிலையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பக்கம்தான் வைக்கிறது.

இனி காட்டுக்குப் போகலாம். முதலில் தேக்கு.

தேக்கு இயற்கையாக வளர்வது இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாடுகளில். அதற்கு நல்ல மழை வேண்டும், அதோடு மூன்று முதல் ஐந்து மாதம் வரை வறண்ட பருவமும் வேண்டும். அந்தக் கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். மறுபடி மழை வந்ததும் தண்ணீரை விரைந்து ஏற்ற அகலமான குழாய்களோடு புதுக் கட்டையைக் கட்டும். புதிதாக அறுத்த தேக்கின் வெட்டுமுகத்தைக் கூர்ந்து பார்த்தால், ஊசி குத்தியது போன்ற பெரிய துளைகள் வளையம் வளையமாக வரிசைகட்டி நிற்பது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு வளையமும் ஒரு மழைக்காலத்தின் தொடக்கம். இழைத்த பலகையில் நாம் ரசிக்கும் ரேகைகள் இந்த வளையங்களின் நீளவாட்டுத் தோற்றம்தான். மழையும் வறட்சியும் மாறி மாறி வராத ஊரில் தேக்குக்கு இந்த அழகு வராது. வேரடியில் தண்ணீர் தேங்கும் இடத்தில் தேக்கே தேறாது.

ஆனைமலை, முதுமலை, வயநாடு, நிலம்பூர், பரம்பிக்குளம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகள் தேக்குக்குப் பேர்போனவை. பரம்பிக்குளத்தில் நிற்கும் கன்னிமாரா தேக்கு சுமார் 40 மீட்டர் உயரம். அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். அதன் வயது 450 ஆண்டுக்கு மேல் என்று வனத்துறையினர் மதிப்பிடுகிறார்கள். அந்த மரத்தைப் பார்க்கப் பொள்ளாச்சி வழியாகப் போகிறவர்கள் டாப்ஸ்லிப்பைக் கடந்துதான் போக வேண்டும். மலை உச்சியிலிருந்து வெட்டிய மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால் வந்த பெயர் அது.

எதற்காக அப்படி வெட்டினார்கள்? கப்பல் கட்ட. ஐரோப்பாவின் ஓக் மரத்தில் இருக்கும் துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசை ஆணியை ஒன்றும் செய்யாது. உப்புத் தண்ணீரில் நின்றாலும் எளிதில் உளுக்காது. நெப்போலியன் காலத்துப் போர்களில் ஓக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷ் கடற்படையின் கண் மலபார் தேக்கின் மேல் விழுந்தது. அந்தத் தேக்கைக் கொண்டு பம்பாய் துறையில் வாடியா குடும்பத்தார் கட்டி 1817இல் நீரில் இறக்கிய போர்க்கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் ‘டிரிங்கோமலி’, அதாவது திருகோணமலை. இருநூறு வருடம் தாண்டியும் அந்தக் கட்டை நிற்கிறது என்றால், அது வளர்ந்த காடு எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

அந்தக் காடு வேகமாகக் காலியானது. 1840களில் மலபார் கலெக்டர் கானலி வெட்டிய இடத்தில் மறுபடி நட முடிவு செய்தார். தேக்கு விதையின் ஓடு கடினமானது. விதைத்தால் எளிதில் முளைக்காது. பல முயற்சிகள் வீணாயின. சாத்து மேனன் என்ற அதிகாரியின் உழைப்பில்தான் நாற்று ஆயிரக்கணக்கில் எழுந்தது. சாலியாற்றின் கரையில் உருவான அந்த நிலம்பூர் தோட்டம் உலகின் முதல் தேக்குத் தோட்டம் என்று கருதப்படுகிறது. அதில் ஒரு பகுதியை இன்னும் வெட்டாமல் காத்து வைத்திருக்கிறார்கள். அருகிலேயே 1995இல் தேக்குக்கென்று ஓர் அருங்காட்சியகமும் வந்தது. ஆனைமலைப் பக்கத்தில் இதே வேலையைச் செய்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. 1933இல் இறந்த அவரைத் தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள்.

பர்மாத் தேக்கின் கதை தனி. அங்கே மரத்தை உடனே சாய்க்க மாட்டார்கள். பட்டையும் வெள்ளைக்கட்டையும் அறும்படி அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருடம் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு சரியாக மிதக்காது, காய்ந்தது மிதக்கும். அதன்பிறகு யானை இழுத்து ஓடையில் தள்ள, மழை வெள்ளம் அதை ஐராவதிக்குச் சேர்க்க, ஆறு ரங்கூனுக்குக் கொண்டுபோகும். அந்தத் தேக்கு வங்கக் கடலைத் தாண்டி வந்துதான் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் நகரத்தார் வீட்டுத் தூண்களாகவும் நிலைக்கதவுகளாகவும் நிற்கிறது. பர்மாவில் மரம் வெட்டிய பிரிட்டிஷ் கம்பெனி கணக்கில் ஏமாற்றியதாக மன்னர் திபோவின் அரசவை பெருந்தொகை அபராதம் விதித்ததும், அதையே சாக்காக வைத்து 1885இல் பிரிட்டன் படையெடுத்ததும் வரலாறு. ஒரு நாடு சுதந்திரம் இழந்ததில் தேக்குக்கும் பங்கு உண்டு. 2014 ஏப்ரலில் மியான்மர் அரசு உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. இன்று நம் நாட்டுக்கு இறக்குமதியாகும் தேக்கில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் உள்ள தோட்டங்களிலிருந்து வருகிறது.

தேக்குக்குப் பக்கத்திலேயே, சற்று மழை கூடிய இடங்களில் நிற்பது ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். கூடலூர், வயநாடு, ஆனைமலைப் பகுதிகளில் வளரும். கருஞ்சிவப்பில் கருப்புக் கோடு ஓடும் அதன் வைரம் வசதியானவர் வீட்டு நாற்காலி, மேசைகளுக்காகவே பெரிதும் அழிந்தது. பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியைக் கூட வெட்டக் கூடாது என்று தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. 2017 முதல் இந்த இனத்தின் பன்னாட்டு வாணிபமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

அதே காட்டில் வேங்கையும் உண்டு. பட்டையில் வெட்டு விழுந்தால் ரத்தம் போலவே சிவந்த பால் வடியும். காய்ந்தால் கருத்துக் கண்ணாடிபோல் இறுகும். வேங்கைக் கட்டையில் கடைந்த குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் தண்ணீரில் நீலச் சாயல் ஏறும். சர்க்கரை நோய்க்கு மருந்து என்று சொல்லி இந்தக் குவளையை விற்கிறார்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்புவது ஆபத்து. முதலைத் தோல் போல வெடித்த பட்டையைப் பார்த்தே கருமருதை அடையாளம் கண்டுவிடலாம். அதன் உறவான நீர்மருது காட்டைவிட ஆற்றங்கரையையே விரும்பும். வெளுத்த வழவழப்பான அடிமரத்தோடு தண்ணீர் ஓரமாகவே நிற்கும்.

மழை குறையக் குறையக் கட்டை இறுகுகிறது. சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைகள் ஆந்திரத்தின் தெற்கில், நம் திருவள்ளூர், வேலூர் மாவட்டங்களுக்கு வடக்கே கிடக்கும் வறண்ட மலைத்தொடர்கள். செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே இந்தச் சிறிய வட்டாரத்தில்தான். படிகப் பாறை பொடிந்த சரளை மண், கடும் வெயில், மெதுவான வளர்ச்சி. வைரம் தண்ணீரில் மூழ்கும் கனம், ஆழ்ந்த சிவப்பு. சீனத்தில் அரண்மனைத் தளவாடங்களுக்கு அந்தக் காலத்திலிருந்தே இதற்கு ஆசை உண்டு. 1995 முதல் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாடு இருந்தும் கடத்தல் நிற்கவில்லை. இந்த மரத்துக்கு விலை கொடுத்தவர்களில் தமிழ்நாட்டு ஏழைக் கூலிகளும் உண்டு: 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி போன்ற மாவட்டங்களின் மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்காகப் போனவர்கள் அவர்கள். கப்பலில் ஏறிப்போகும் செம்மரக் கட்டையின் லாபத்தில் அந்தக் கிராமங்களுக்குப் பங்கே கிடையாது.

சந்தனமும் வறண்ட நிலத்துப் பிள்ளைதான். ஜவ்வாது மலை, சத்தியமங்கலம், கேரளத்தின் மறையூர் ஆகியவை அதன் ஊர்கள். மறையூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம் இருப்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். சந்தனம் அரை ஒட்டுண்ணி. பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைப் பதித்துச் சத்தை உறிஞ்சும். துணைச் செடி இல்லாமல் தனியாக நட்ட சந்தனம் சவலையாகவே நிற்கும். வெள்ளைக்கட்டையில் மணம் இல்லை. மணமெல்லாம் வைரத்தில்; அது பாய்வதற்குப் பத்துப் பதினைந்து வருடமாவது பொறுக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர் முனை களக்காடு, குற்றாலம் பக்கத்து மழைக்காடு. அங்கே நாங்கு நிற்கிறது. தளிர் விடும்போது மரமே சிவந்துபோகும். கட்டைக்கு நல்ல கனம். இலங்கையின் தேசிய மரமும் இதுதான். வறட்சி மட்டுமே வைரம் தரும் என்று முடிவு கட்டிவிடாமல் இருக்க நாங்கு ஒரு நல்ல சாட்சி. பெரிய மரங்களின் நிழலில் வெளிச்சத்துக்காகக் காத்துக் காத்து அது மெல்ல வளர்கிறது.

கடற்கரைக்கு வந்தால் கோடியக்கரை. உப்புக் காற்று அடிக்கும் அந்த மணல் மேட்டுக் காட்டில் ஆட்சி செய்வது உலக்கைப் பாலை. பெயரிலேயே பயன் இருக்கிறது. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையின் வன்னிக் காட்டிலும் இதே பாலை, கூடவே முதிரை, கருங்காலி. ஒரே மாதிரி மழை, ஒரே மாதிரி வெயில் என்பதால் இரு கரைக்கும் ஒரே மரங்கள். வன்னியில் முதிரைக்கு இருக்கும் மதிப்பு நம் பக்கம் தேக்குக்கு இருக்கும் மதிப்புக்குக் குறைந்ததில்லை. பட்டுப் போல மின்னும் இளமஞ்சள் கட்டை அது. பாலைப் பழம் அங்கே கரடிக்குப் பிடித்த உணவு.

காட்டை விட்டு இறங்கினால், ஊருக்குள் இருக்கும் வன்மரங்களை நாம் மரமாகவே எண்ணுவதில்லை. கண்மாய்க்குள் மாதக் கணக்கில் முழங்கால் தண்ணீரில் நின்று, பிறகு வெடித்த களிமண்ணில் கோடையையும் தாங்கும் நாட்டுக் கருவேலம்தான் கலப்பைக்கும் மாட்டுவண்டிக்கும் முதுகெலும்பாக இருந்தது. சக்கரத்தின் குடம், வட்டை, ஆரக்கால் எல்லாம் பள்ளத்தில் விழுந்து எழும் அடியை வாங்க வேண்டும். அதைத் தாங்கும் கட்டை கருவேலத்தில் கிடைத்தது. சீமைக்கருவேலத்தின் மேல் உள்ள கோபத்தில் இதையும் சேர்த்து வெட்டிச் சாய்ப்பது பெரிய அநியாயம். செக்கு உரலுக்கு வாகை. கட்டிலுக்கும் சட்டத்துக்கும் வேம்பும் பூவரசும். கறிக்கடையில் வெட்டுப் பலகையாகக் கிடப்பது புளி. பண்ருட்டியின் செம்மண்ணில் வளர்ந்த பலா, பழம் கொடுத்து முடிந்த பிறகு மிருதங்கமாகவும் தவிலாகவும் மாறுகிறது. தஞ்சாவூரில் குடம், தண்டி, தலைப்பகுதி எல்லாம் ஒரே பலாக்கட்டையில் குடைந்து செய்யும் ஏகாந்த வீணைக்கு மதிப்பு அதிகம். கன்னியாகுமரியின் ரப்பர் கூட, பால் வற்றிய பிறகு மருந்து ஏற்றிப் பதப்படுத்தப்பட்டு நாற்காலியாகிறது.

இப்போது விவசாயிகள் பலர் நெல்லையும் கரும்பையும் விட்டுவிட்டு மரப் பயிருக்கு மாறுகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நாற்று விற்கிறவர் சொல்லும் வருமானக் கணக்கை மட்டும் கேட்டுவிட்டு, மண்ணைப் பார்க்காமல் நடுவதில் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். தண்ணீர் தேங்கும் வயலில் தேக்கு, துணைச் செடியே இல்லாத சந்தனத் தோப்பு, சரளை மண்ணில் வளர வேண்டிய செம்மரத்துக்கு வாய்க்கால் பாசனம். மரம் சாகாமல் நிற்கலாம். வைரம் பாய்வது வேறு விஷயம். இளந்தேக்கை வெட்டினால் பாதிக்கு வெள்ளைக்கட்டைதான் இருக்கும். அது கதவாகி ஓரிரு வருடத்தில் மாவாய்க் கொட்டினால் பழி தேக்கின் மேல் விழும்.

மண் ஆழமாக, வடிகாலோடு இருந்தால் தேக்கும் மகோகனியும் வைக்கலாம். பாறை நிலமாக இருந்தால் வேம்பு, வாகை, ஆச்சா. ஏரி உள்வாயிலோ களிமண் கரையிலோ நாட்டுக் கருவேலமும் நீர்மருதும். கடலோரம், உவர் மண் என்றால் பூவரசும் புன்னையும். நடுவதற்கு முன் நிலத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி அடியில் சுண்ணாம்புக் கல்லா, களியா, சரளையா என்று பார்க்க அரை நாள் போதும். கோவையில் உள்ள மத்திய அரசின் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் மரப் பயிர் பற்றி ஆய்வு செய்து விவசாயிகளுக்கு வழிகாட்டுகிறது. அந்த ஊரிலேயே 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் நம் காட்டு மரங்களின் கட்டை மாதிரிகளைப் பெயரோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஈட்டியையும் வேங்கையையும் தேக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரேகையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.